அஸ்ட்ரோடோம்: புல் பட்டுப்போன அரங்கு

2005 செப்டெம்பர் முதல் வாரம். கொழும்பு நாளிதழொன்றில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் பொறுப்பிலிருந்தது. படமொன்று வந்தது: விளையாட்டரங்கொன்றின் தரை முழுவதும் வரிசை வரிசையாக மடக்குக் கட்டில்கள். 'ஹூஸ்டன் அரங்கில் அகதிகள்' என்று தலைப்பிட்டேன்.

அந்த அரங்குதான் அஸ்ட்ரோடோம். டெக்சாஸ் மாநிலத்தின் வெயிலுக்கும் நுளம்புக்கும் தப்பிப் பேஸ்போல் ஆடுவதற்காக, ஹூஸ்டனின் முன்னாள் மாநகர முதல்வர் ரோய் ஹோப்ஹைன்ஸ் முன்னின்று எழுப்பிய குளிரூட்டப்பட்ட குவிமாடம். 1965 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 642 அடி விட்டத்துக்குத் தூணொன்றேனும் இல்லாத உருக்குக் கூரை. அதன் உச்சி ஆடுதளத்திலிருந்து 208 அடி உயரம்.

உள்ளே புல் வளரவேண்டுமே! கூரையில் ஒளி ஊடுருவும் தகடுகளைப் பதித்தார்கள். பகலில் அவற்றின் கண்கூச்சத்தால் உயர எழுந்த பந்து வீரர்களுக்குத் தெரியவில்லை. தகடுகளுக்கு வர்ணம் பூசினார்கள்; புல் பட்டுப்போயிற்று. பட்ட புல்லுக்கும் மண்ணுக்கும் பச்சைச் சாயமடித்து அவ்வாண்டை ஒப்பேற்றினார்கள். 1966இல் செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. 'அஸ்ட்ரோடேர்ஃப்' என்ற பெயர் அந்த அரங்கிலிருந்தே பிறந்தது.

1976 ஜூனில் இன்னொரு வேடிக்கை. உள்ளே ஒரு துளியும் விழவில்லை. ஆயினும் நகரை வெள்ளம் சூழ்ந்து நடுவர்கள் வந்துசேர முடியாமையால், மழை காரணமாக ஆட்டம் கைவிடப்பட்டது!

1968இல் கூடைப்பந்தாட்டப் போட்டியொன்றுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். 1973இல் பில்லி ஜீன் கிங், பொபி ரிக்ஸை டென்னிஸில் தோற்கடித்தது இங்கேதான். முகம்மது அலியின் குத்துச்சண்டை, எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு, கால்நடைக் கண்காட்சி, 1992இல் குடியரசுக் கட்சி மாநாடு என யாவற்றுக்கும் அது இடங்கொடுத்தது.

2005இல், நிலைகொண்டிருந்த அணிகள் வெளியேறிவிட்ட நிலையில், கத்ரினா சூறாவளி வந்தது. நியூ ஓர்லியன்ஸின் சூப்பர்டோமும் குவிமாட அரங்கே. அதன் கூரையைக் காற்றுக் கிழிக்க, உள்ளே தஞ்சம் புகுந்திருந்தோர் பஸ்களில் ஹூஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

என் தலைப்புக்கு வருகிறேன். அமெரிக்காவில் 'அகதி' என்ற சொல்லுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சொந்த நாட்டின் குடிமக்களை அவ்வாறு அழைக்கலாமா என்றார்கள். சில பத்திரிகைகள் அச்சொல்லையே கைவிட்டன. சொந்த மண்ணிலேயே அகதிமுகாம்களைக் கண்டு பழகிய எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்கவில்லை. எட்டு மாதங்களுக்கு முன்னர்தான் சுனாமியில் தப்பியோர் நம் பாடசாலைகளின் வாங்குகளில் உறங்கினார்கள். அவர்களையும் அப்படித்தான் எழுதினோம்; அவர்களிடம் கேட்கவில்லை.

அரங்கைப் புதுப்பிக்கும் 217 மில்லியன் டொலர் திட்டத்தை 2013இல் வாக்காளர் நிராகரித்தனர். மறு ஆண்டே அது அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது.