முகத்தை யாரிடம் ஒப்படைப்பது?
ஒட்டறுவை மருத்துவ வரலாறு தரும் பாடம்

மனிதனை மனிதன் இனங்காண உதவுவது முகம். அம்முகத்தில் ஒரு குறை நேர்ந்தால் உடல் வலியினும் உள்ள வலியே மிகுதியாகும். எனவே, முகத்தைச் சீர்செய்யும் கலை மிகப் பழங்காலத்திலேயே தோன்றிவிட்டது. இக்கலையை இன்று ‘பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை’ என்கிறோம். ‘ஒட்டறுவை’ என்னும் தமிழ்ச் சொல்லும் வழக்கில் உண்டு. ஈண்டுப் ‘பிளாஸ்டிக்’ என்பது நாம் அன்றாடம் புழங்கும் நெகிழிப் பொருளைக் குறிப்பதன்று. உருவமைத்தல் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. நெகிழிப் பொருள்கள் தோன்றுவதற்கு முன்பே, 1818 ஆம் ஆண்டில், செருமானிய மருத்துவர் கார்ல் வான் கிராஃபே மூக்குச் சீரமைப்பைப் பற்றிய தம் நூலின் தலைப்பில் அச்சொல்லின் வடிவத்தைக் கையாண்டார்.

இக்கலையின் வரலாறு நெடுகிலும் ஒரு வினா தொடர்ந்து வருகின்றது. கத்தியை ஏந்தி நிற்பவரை எதைக் கொண்டு நம்புவது என்பதே அவ்வினா. ஒவ்வொரு காலமும் அதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது.

இந்தியாவின் தொன்மையான மருத்துவ நூல்களுள் ஒன்று சுசுருத சங்கிதை. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் மீண்டும் அமைக்கும் முறையை அது விளக்குகிறது. அதனினும் வியப்பளிப்பது, மருத்துவராக விழைபவர்க்கு அந்நூல் வகுத்த நெறியாகும். மாணவன் முதலில் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களில் வெட்டிப் பழக வேண்டும். நீர் நிரப்பிய தோற்பைகளிலும் தாமரைத் தண்டுகளிலும் கைப்பயிற்சி பெற வேண்டும். துணியாற் செய்த மனித உருவத்தில் கட்டுப் போடக் கற்க வேண்டும். ஏட்டுக் கல்வி மட்டும் உடையவனையும், கைத்திறன் மட்டும் உடையவனையும் அந்நூல் ஒற்றைச் சிறகுப் பறவைக்கு ஒப்பிடுகிறது. கல்வியும் பயிற்சியும் முடித்தவன்கூட அரசனின் இசைவு பெற்ற பின்னரே மருத்துவம் செய்யப் புக வேண்டும் என்றும் அது விதிக்கிறது. கல்வி, பயிற்சி, அரசின் இசைவு என்னும் மூன்றும் இன்றைய மருத்துவச் சட்டங்களுக்கும் அடிப்படையாக இருத்தல் நோக்கத்தக்கது.

ஐரோப்பாவில் இக்கலை நெடுங்காலம் குடும்ப இரகசியமாகவே இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் பிராங்கா குடும்பத்தார் மூக்கமைக்கும் திறத்தில் பெயர் பெற்றிருந்தனர். ஆயினும், தம் முறையை அவர்கள் வெளியார்க்குக் கற்பிக்கவில்லை. இரகசியக் கலையைப் பிறர் சோதித்தறிய இயலாது. இந்நிலையை மாற்றியவர் பொலோனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் காஸ்பரே தாலியாகோட்சி ஆவார். மேற்கைத் தோலின் ஒரு பகுதியை மூக்கோடு பொருத்தி, அது உயிர்பிடிக்கும் வரையில் கையைத் தலையோடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையை 1597 ஆம் ஆண்டில் படங்களுடன் நூலாக வெளியிட்டார். ஒரு மருத்துவர் தம் முறையைப் பிறர் ஆராயும்படி வெளிப்படுத்துவது நம்பிக்கைக்கு உரிய மற்றுமொரு அடையாளமாயிற்று.

கி.பி. 1794 அக்டோபரில் இலண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் ஒரு கடிதம் அச்சாயிற்று. ஆங்கிலேயப் படையில் எருதோட்டியாகப் பணியாற்றிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர் 1792 ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மூக்கின்றி வாழ்ந்த அவர், பூனா நகருக்கு அருகில் செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவரிடம் சென்றார். அவர் மெழுகால் மூக்கின் வடிவத்தை அமைத்தார்; அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அளவெடுத்தார்; அந்த அளவில் தோலை உரித்து, ஒரு முனை நெற்றியோடு இணைந்திருக்கத் திருப்பி மூக்காக அமைத்தார். இரண்டு ஆங்கில மருத்துவர்கள் அதனை நேரிற் கண்டனர். அக்கடிதத்தில் நோயாளியின் பெயர் இருக்கிறது. மூக்கமைத்தவரின் பெயர் இல்லை. பட்டமோ பதவியோ இல்லாத அவருடைய தகுதிக்கு, பலர் அறிய அவர் செய்த தொழிலே சான்றாக நின்றது.

இச்செய்தியை அறிந்த இலண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்பூ உடனே கத்தியை எடுத்துவிடவில்லை. இறந்தோர் உடல்களில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1814 ஆம் ஆண்டில், படை அலுவலர் ஒருவருக்கு அச்சிகிச்சையைச் செய்து வெற்றி கண்டார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. 1816 ஆம் ஆண்டில் தம் அனுபவத்தை நூலாக்கினார்.

முதல் உலகப் போர் இக்கலையைப் பெருந்துறையாக வளர்த்தது. நியூசிலாந்திற் பிறந்த ஹெரால்டு கில்லீஸ், 1916 ஆம் ஆண்டில் ஆல்டர்ஷாட் படை மருத்துவமனையில் முகக் காயங்களுக்கெனத் தனிப்பிரிவு அமைத்தார். முகம் சிதைந்த வீரர்கள் தகுதியற்ற கைகளில் சிக்கிவிடலாகாது என எண்ணித் தம் சொந்தப் பணம் பத்துப் பவுனில் முகவரிச் சீட்டுகளை வாங்கிப் போர்முனைக்கு அனுப்பிவைத்தார். அச்சீட்டுக் கட்டப்பெற்ற வீரர்கள் அவரிடம் வந்து சேர்ந்தனர். 1917 ஆம் ஆண்டில் சிட்கப் நகரில் தனி மருத்துவமனை எழுந்தது. அங்கு 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடைபெற்றன. தீயால் முகம் கருகிய வான்படை வீரர் ஒருவருக்கு ஒரே வேளையில் பெரிய ஒட்டு வைக்கப்பட்டது. அது பற்றாமல் அழுகியது. அவ்வீரர் 1918 ஆம் ஆண்டில் உயிரிழந்தார். கில்லீஸ் அத்தோல்வியை மறைக்கவில்லை. படிப்படியாகச் செய்திருக்க வேண்டும் என்னும் பாடத்தோடு 1920 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அதனைப் பதிவு செய்தார்.

இவ்வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1899 ஆம் ஆண்டளவில் வியன்னா மருத்துவர் ராபர்ட் கெர்சுனி பாரஃபின் மெழுகைத் தோலின்கீழ் ஊசியால் செலுத்தும் முறையைப் புகுத்தினார். கத்தியின்றி அழகு கிடைக்கும் எனப் பலர் மயங்கினர். நாளடைவில் மெழுகு இடம் பெயர்ந்தது, கட்டிகள் தோன்றின, முகங்கள் விகாரமடைந்தன. அமெரிக்காவில் போருக்குப் பின்னர் ‘அழகு மருத்துவர்’ எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் பெருகவே, தகுதியுடையோரைப் பிரித்தறிய 1937 ஆம் ஆண்டில் தனித் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது.

ஆயினும் ஏமாற்று அத்துடன் ஒழியவில்லை. பிரான்சின் ‘பிப்’ நிறுவனம், மருத்துவத்திற்கு இசைவளிக்கப்படாத தொழிற்சாலைச் சிலிக்கோனைக் கொண்டு மார்பகப் பதியங்களைச் செய்து பல நாடுகளுக்கு விற்றது. 2010 ஆம் ஆண்டில் குட்டு வெளிப்பட்டது. 2011 டிசம்பரில் சுமார் 30,000 பெண்கள் அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு பிரெஞ்சு அரசு அறிவுறுத்தியது. நிறுவனத் தலைவர்க்கு 2013 ஆம் ஆண்டில் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்பொருளுக்குத் தரச்சான்று இருந்தது என்பதே இதில் கொடுமை. மருத்துவர் நல்லவராயினும் அவர் கையாளும் பொருள் எதுவென்று கேட்டறிதல் நோயாளியின் கடமை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மலேசியாவில் 1998 ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டம் 2006 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தனியார் மருந்தகம் ஒவ்வொன்றும் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். 2017 ஆம் ஆண்டு முதல், சிறப்பு மருத்துவராகத் தொழில் புரிவோர் மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணத்துவப் பதிவேட்டில் இடம் பெறுதல் கட்டாயமாயிற்று. அப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம். பண்டைய அரசனின் இசைவு இன்று பதிவேட்டின் வடிவில் நிற்கிறது.

எனவே, சிகிச்சை நாடுவோர் கேட்க வேண்டிய வினாக்களை வரலாறே வகுத்துத் தந்துள்ளது எனலாம். மருத்துவர் எங்கே, எத்துணை ஆண்டுகள் பயின்றார்? அவர் பெயர் பதிவேட்டில் உண்டா? இதே அறுவையை எத்தனை முறை செய்துள்ளார்? தோல்விகளைப் பற்றியும் மனந்திறந்து பேசுகின்றாரா? உடலில் வைக்கும் பொருள் எது? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? இடர் நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வர்? எண்ணிப் பார்க்கக் காலம் தருகின்றாரா, அன்றி இன்றே முடிவு செய்தால் கழிவு உண்டு என அவசரப்படுத்துகின்றாரா? இவற்றுக்குத் தெளிவான விடை தராத இடத்தை விட்டு எழுந்து வருவதே அறிவுடைமை.

திருவள்ளுவர் ஒருவரை ஆராய்ந்து தேர்ந்த பின்னரே நம்புதல் வேண்டும் என்பதற்குத் ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அரசன் அமைச்சரைத் தேர்வதற்கென அமைந்த அந்நெறி, மருத்துவரைத் தேர்வதற்கும் பொருந்தும். கைப்பேசித் திரையில் மின்னும் விளம்பரங்களைக் கண்டு தம் முகத்தைக் குறையாக எண்ணும் இளையோர் வகுப்பறைகளில் இருக்கின்றனர். குறள் வகுப்பில் இவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், கவாஸ்ஜியின் கதையையும் பாரஃபின் மெழுகின் கதையையும் சேர்த்துச் சொன்னால், மாணவர் இந்நெறியை வாழ்விலும் கைக்கொள்வர்.