அரசனுக்கு ஒரு தொல்கெல்டியச் சொல்

தொல்கெல்டிய மொழியில் அரசனுக்குப் பெயர் *ரீக்ஸ். அம்மொழியில் எழுதிய ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. ஐரிஷ், வெல்ஷ், காலிய மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம் இது; முன்னால் நிற்கும் உடுக்குறி அதையே உணர்த்துகிறது.

லத்தீனின் ரேக்ஸ், சமஸ்கிருதத்தின் ராஜன் ஆகியவை இதன் உறவுகள். தமிழில் வழங்கும் ராஜா அந்தச் சமஸ்கிருதக் கிளையிலிருந்து வந்தது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் நெடில் 'ஏ', லத்தீனில் மாறாமல் நிற்க, கெல்டியத்தில் 'ஈ' ஆயிற்று. கெல்டியக் கிளையை அடையாளம் காட்டும் மாற்றங்களில் இது முக்கியமானது.

இலக்கணப்படி இது ஆண்பால் பெயர். வேருக்கும் வேற்றுமை உருபுக்கும் இடையில் வேறு எந்த விகுதியும் வராது. எழுவாயில் 'ஸ்' சேரும்போது, வேரின் ஈற்றிலுள்ள ஒலிப்புடைய ககரம் ஒலிப்பிழந்து உரசொலியாகிறது. மற்ற வேற்றுமைகளில் அது அப்படியே நிற்கும்: இரண்டாம் வேற்றுமை *ரீகம், ஆறாம் வேற்றுமை *ரீகோஸ், பன்மை எழுவாய் *ரீகெஸ். பழைய ஐரிஷில் ஈற்றசைகள் உதிர்ந்தன. ஆனாலும் எழுவாய் 'ரீ', ஆறாம் வேற்றுமை 'ரீக்' என அந்தப் பழைய வேறுபாடு அழியவில்லை. அரசியைக் குறித்த *ரீகனீ, ஐரிஷில் 'ரீகன்' ஆனது. வெல்ஷில் அதன் வழிவந்த 'ரியைன்' கன்னியைக் குறிக்கிறது.

காலிய நாட்டில் இச்சொல் தலைவர்களின் பெயர்களில் வாழ்ந்தது: டும்னோரிக்ஸ், அம்பியோரிக்ஸ், ஓர்கெத்தோரிக்ஸ். கி.மு. 52இல் அலேசியாவில் சீசரிடம் சரணடைந்த வெர்சிங்கெத்தோரிக்ஸின் பெயருக்கு 'வீரர்களின் பேரரசன்' என்று பொருள் கொள்வர். அவர் பெயர் பொறித்த பொற்காசுகள் இன்றும் உள்ளன.

இச்சொல்லின் வரலாற்றில் மிகவும் வியப்பூட்டுவது ஜெர்மானிய மொழிகளுக்குள் அது நுழைந்த கதைதான். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா மொழிபெயர்த்த கோதிக் விவிலியத்தில் ஆட்சியாளனுக்கு 'ரீக்ஸ்' என்ற சொல் உண்டு. அது ஜெர்மானியத்தின் சொந்தச் சொத்தாக இருந்திருந்தால் உயிர் 'ஏ' என்றே நின்றிருக்கும். 'ஈ' வருவதால் கெல்டியரிடம் பெற்ற கடன் என்பது தெளிவு. வேரின் ஒலிப்புடைய ககரம் அங்கே ஒலிப்பில்லா ககரமாகியிருக்கிறது. ஜெர்மானிய மெய்கள் கூட்டமாக மாறிய 'கிரிம் விதி'யின் விளைவு அது. ஆகவே அந்த மாற்றம் முடிவதற்கு முன்பே, உரோமர் ரைன் ஆற்றை எட்டுவதற்கும் முந்திய காலத்தில், கடன் நிகழ்ந்திருக்க வேண்டும். ஜெர்மன் மொழியின் 'ரைஹ்' என்ற சொல்லும், ரிச்சர்ட், ஃபிரெடரிக் என்ற பெயர்களும் அந்தக் கடனின் வழியில் வந்தவை.