குர்லாவின் தகரம்

பழைய ஃபியட் 1100 ஒன்றுக்குக் கதவு தேடி அலைகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, அது எந்த வருடத்து வண்டி என்பதைத்தான். 1954இல் பம்பாயின் குர்லா ஆலையிலிருந்து வந்த மில்லிசெண்டோவின் முன்கதவுக்குக் கீல் நடுத்தூணில் இருந்தது. கைப்பிடியை இழுத்தால் கதவின் முன்விளிம்பு வெளியே வரும். பத்து வருடம் கழித்து வந்த டிலைட்டில் கீல் முன்பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டும் ஃபியட் 1100தான். ஒன்றின் கதவு மற்றதில் உட்காராது. இடையில் வந்த எலிகண்ட், செலக்ட், சூப்பர் செலக்ட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு. முதல் வண்டியின் உருண்டு திரண்ட உடம்பைப் பார்த்து ஊரார் மராத்தியில் ‘டுக்கர் ஃபியட்’, பன்றி ஃபியட், என்று பெயர் வைத்தார்கள். பழைய கார்களைச் சீர்செய்கிறவர்கள் ‘சரியான பாகம்’ என்று மல்லுக்கட்டுவதெல்லாம் இப்படிப்பட்ட கீலுக்கும் விளிம்புக்கும்தான்.

அமெரிக்காவில் இந்த மல்லுக்கட்டு வேறு விதமாகத் தொடங்கியது. 1930களில் கலிபோர்னியாவின் முரோக் வறண்ட ஏரிப் படுகையில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினை முடுக்கி, எவ்வளவு வேகம் போகிறது என்று ஓட்டிப் பார்த்தார்கள். இப்படி வேகத்துக்காக மாற்றிய வண்டியான ஹாட் ராட் அங்கே வளர்ந்தது. அவர்களுக்கு மிகப் பிடித்தது 1932ஆம் ஆண்டு ஃபோர்டு. சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினோடு வந்த வண்டி அது. இன்று அந்த உடலை அப்படியே புதிய எஃகுத் தகட்டில் அடித்துத் தரும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. பணம் கட்டினால் கதவும் தளமும் டிக்கியும் புதிதாக வீடு வந்து சேரும்.

பம்பாயிலும் கார்களை வெட்டி ஒட்டினார்கள். காரணம்தான் வேறு.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் சிவ்ரியில் ஆலை போட்டு, பெட்டிகளில் வந்த பாகங்களைக் கோத்து செவர்லே கார்களை விற்றது. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1947 முதல் டாட்ஜ், பிளிமத் வண்டிகளைக் குர்லாவில் கோத்தது. உள்நாட்டிலேயே படிப்படியாகப் பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இங்கே இடமில்லை என்று 1953இல் அரசு முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அமெரிக்கக் கார் வைத்திருந்தவர்களுக்குப் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பானது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அந்தப் பெரிய எஞ்சின்களுக்குப் பெட்ரோல் ஊற்றவும் கட்டுப்படியாகவில்லை. மெக்கானிக்குகள் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு பெர்கின்ஸ் போன்ற டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். தாங்கிகளை வெட்டி, கியர் பெட்டியை மாற்றி, எப்படியோ வண்டியை வீதியில் ஓடவிட்டார்கள். பம்பாயின் ஹாட் ராட் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இவற்றைத்தான் சொல்ல வேண்டும். இன்று இவற்றைச் சீர்செய்கிறவர்கள் முதல் வேலையாக டீசல் எஞ்சினைக் கழற்றுகிறார்கள். அது சரியே. ஆனால் கழற்றுமுன் அந்த வெட்டையும் பற்றையும் படமெடுத்து வைப்பது நல்லது. அதுவும் அந்த வண்டியின் வரலாறு.

ஃபியட் 1100க்குத் தனி சேஸி கிடையாது. உடலே எலும்புக்கூடு. தளமும் கதவடியும் துருப்பிடித்தால் வண்டியின் பலமே போய்விடும். நான்கு மாத மழையும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்த மும்பையில் துரு ஓய்வதே இல்லை. டிங்கரிங் பட்டறைக்காரர் துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரத்தை வளைத்துப் பொருத்தி, கேஸ் வெல்டிங் வைத்து, உள்ளே டாலி என்ற இரும்புக்கட்டையைப் பிடித்து வெளியே சுத்தியலால் தட்டி மட்டம் பார்ப்பார். அதன் மேல்தான் பட்டி. நல்ல டிங்கர் பட்டியை மெல்லிசாகவே பூசுவார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் சின்னக் காந்தத்தோடு போவது இதற்காகத்தான்: பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

இந்தத் தொழிலுக்குப் பல பத்தாண்டுகள் சோறு போட்டது கறுப்பு மஞ்சள் டாக்சி. டிலைட் 1972இல் பிரீமியர் பிரசிடென்ட் ஆனது, 1974இல் பிரீமியர் பத்மினி ஆனது. இத்தாலியில் 1966இலேயே கைவிடப்பட்ட அந்த உடலைக் குர்லா நூற்றாண்டின் இறுதிவரை அடித்துக்கொண்டிருந்தது. 1990களில் மும்பையில் ஓடிய அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட டாக்சிகளில் பெரும்பாலானவை பத்மினிகள். ஆகவே பானெட், மட்கார்டு, கதவு எதற்கும் பஞ்சமில்லை. டாக்சிக்காரர் வாங்கிய அதே கடையில்தான் 1960களின் டிலைட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவரும் வாங்கினார். குர்லாவின் சிஎஸ்டி சாலை இந்த வியாபாரத்துக்குப் பேர்போனது. அந்தப் பெயருக்கும் பின்னாளில் சிஎஸ்டி என்று பெயர் மாறிய விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்துக்கும் சம்பந்தமில்லை. சென்ட்ரல் சால்செட் டிராம்வே என்ற பழைய இருப்புப்பாதையின் நினைவு அது.

பிறகு வயது வரம்பு வந்தது. டாக்சிக்கு 2008இல் 25 ஆண்டு, 2013இல் 20 ஆண்டு. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. 2023 அக்டோபரோடு அதன் காலமும் முடிந்தது. ஒரே ஒரு பத்மினியையாவது காப்பாற்றி வையுங்கள் என்று மும்பை டாக்சி ஓட்டுநர் சங்கம் அரசிடம் கேட்டும் பலனில்லை. பல்லாயிரம் வண்டிகளின் கதவும் மட்கார்டும் காயலான் கடைத் தராசில் கிலோ கணக்கில் போயின. இது பெரிய இழப்பு. இத்தாலியில் தேடினாலும் பிந்தைய பத்மினியின் கிரில் கிடைக்காது.

தமிழ்நாட்டுக் கதையும் இதைப் போன்றதே. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்துக்கு உடல் செய்துகொடுத்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், ஹெரால்டின் உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து சேஸிமேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். பட்டறைக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். போல்ட்டைக் கழற்றினால் கூரை தனியே வந்துவிடும். பலர் அப்படியே திறந்த காராக மாற்றிக்கொண்டார்கள். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவு நெளிந்தால் லண்டனிலிருந்து வரவழைக்க வழியில்லை. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேட வேண்டியதுதான்.

மும்பைப் பக்கம் திரும்பினால், கோபர்கைரனே இந்தக் கதைக்குள் தாமதமாக வருகிறது. நகர் அமைப்பு நிறுவனமான சிட்கோ 1970இல் பிறந்த பிறகு உருவான நவி மும்பையின் பகுதி அது. டுக்கர் ஃபியட் வந்தபோது அங்கே கிராமங்களே இருந்தன. இன்று அதை ஒட்டியே டிடிசி தொழிற்பேட்டை. தகடு வளைக்கவும் கடைசல் பிடிக்கவும் பட்டறைகள் கழிமுகத்தின் இந்தக் கரையில் உண்டு. மாதிரிக்கு வைத்துப் பார்க்க ஒரு பழைய பானெட் வேண்டுமென்றால் கழிமுகத்தைத் தாண்டிக் குர்லாவுக்குத்தான் போயாக வேண்டும். மாதிரி இருந்தால் தகடு அடிக்கலாம். இல்லாவிட்டால் ஊகித்துத்தான் அடிக்க வேண்டும், ஊகத்தில் வளைவு தப்பும். பழைய வண்டிகளை உடைக்கும் பதிவு பெற்ற நிலையங்கள், அரிய பாகங்களை நசுக்காமல் தனியே எடுத்து விற்க வேண்டும் என்று பழைய கார்களைச் சீர்செய்கிறவர்கள் கேட்பது அதனால்தான்.

சட்டம் ஹாட் ராட் பக்கம் சாயவில்லை. தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2021 ஜூலையில் வந்த விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸி, உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லாத வண்டியையே பழமை வாகனம் என்று ஏற்கின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள். 1974இல் பதிவான முதல் பத்மினிகள் இந்தத் தகுதியை எட்டியது 2024இல், கடைசி டாக்சி போன மறு வருடம். அந்த எண் பெற்ற வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஆய்வுக்கும் ஓட்டலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட அனுமதியில்லை.