சம்மன் வாங்க ஓர் ஆள்

திருத்தணியின் எல்லைக் கதையைச் சொல்பவர்கள் ம.பொ.சி.யையும் மங்கலங்கிழாரையும் சொல்வார்கள். மறியல், சிறை, படாஸ்கர் தீர்ப்பு என்று தொடர்ந்து வரும். சொல்லப்பட வேண்டிய கதைதான். ஆனால் அதே ஆண்டுகளில் இந்த ஊரின் வழக்குக் கட்டுகள் எந்தெந்த ஊருக்குப் போயின, அதனால் இங்கே கடை வைத்திருந்தவன் என்ன பாடுபட்டான் என்பதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. நான் பத்திர எழுத்தர். என் அப்பாவுக்கும் இதே தொழில். எனக்கு எல்லை என்பது காகிதத்தின் வழியாகத் தெரிந்ததுதான்.

1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. அதற்கு முன் வடஆற்காடு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்ததும் சித்தூரோடு நாங்களும் அந்தப் பக்கம் போனோம். உயர் நீதிமன்றம் மட்டும் கொஞ்ச நாள் சென்னையே. 1954 ஜூலையில் குண்டூரில் ஆந்திர உயர் நீதிமன்றம் திறந்தார்கள். மேல்முறையீடு குண்டூருக்குப் போனது. 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் அமைந்ததும் ஐதராபாத்துக்குப் போனது. மொழிப் பெரும்பான்மையைக் கிராமம் கிராமமாகப் பார்த்து படாஸ்கர் வகுத்த கோட்டின்படி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. வழக்கும் சென்னைக்கே திரும்பியது. ஏழு வருஷம்கூட ஆகவில்லை. வரப்புத் தகராறு ஒன்றை நடத்திக்கொண்டிருந்த குடியானவன் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே மூன்று ஊர் உயர் நீதிமன்றங்களுக்குக் கீழே வாழ்ந்திருக்கிறான்.

நிலம் வைத்திருந்தவனுக்காவது நிலம் ஓரிடத்தில் இருந்தது. வியாபாரிக்கு அதுவும் இல்லை. நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் ஆந்திராவில் நின்றுவிட்டன. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு இந்தப் பக்கம் வந்தன. ஆனால் தறிக்காரர்களுக்குள் நூல் கொடுக்கல் வாங்கல், லுங்கி சரக்கு, பெண் கொடுத்தல் எல்லாம் பழையபடிதான். நேற்றுவரை ஒரே மாவட்டத்துக்காரனாக இருந்த நகரி வியாபாரி இன்று வேறு மாநிலத்தான். அவன் பேரில் இங்கே பாக்கி வழக்குப் போட்டால் சம்மன் இன்னொரு நீதிமன்றத்தின் வழியாக அவன் ஊருக்குப் போக வேண்டும். நம் ஊர் நீதிமன்ற அமீனா அங்கே போய்க் கதவைத் தட்ட முடியாது.

அப்பா பெரிய படிப்பு படித்தவரல்ல. தமிழும் தெலுங்கும் எழுதுவார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் மூன்றாம் கட்டளை, ஆறாவது விதி அவருக்கு மனப்பாடம். நீதிமன்ற எல்லைக்குள் குடியிருக்கும் யாரையும், தன் பேருக்கு வரும் சம்மனையும் நோட்டீஸையும் வாங்கிக்கொள்ளும் ஏஜெண்டாக ஒருவர் நியமிக்கலாம். அதை எழுத்தில் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அவ்வளவுதான் விதி. 1908ஆம் வருஷத்துச் சட்டம் அது. 1976இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, எல்லைக்குள் வக்கீலோ ஏஜெண்டோ இல்லாத கட்சிக்காரரைப் பார்த்து ஓர் ஆளை நியமிக்கும்படி நீதிமன்றமே உத்தரவிடலாம்.

நகரிப் பக்கத்து வியாபாரிகளிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி. "முதலாளி, சரக்கு வாங்கறதுக்கு இங்க ஏஜெண்ட் இருக்காரு. சம்மன் வாங்கறதுக்கு யாரு இருக்காங்க?"

பலருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. சம்மனை வாங்க ஆள் வைப்பதா? அது தானாகப் போய் மாட்டிக்கொள்வதல்லவா? சம்மன் கையில் படாதவரை வழக்கு நம்மைத் தொடாது என்ற நம்பிக்கை இந்த ஊரில் மட்டும் இல்லை. நான் பார்த்த ஊரிலெல்லாம் இருக்கிறது. அமீனா தெருவில் திரும்பினால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். ரிஜிஸ்டர் தபாலைத் தொடாமல் திருப்பி அனுப்புவார்கள். இந்த நம்பிக்கையால் அழிந்த கடைகளை நான் நேரில் கண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆள் இல்லை என்றால் வீட்டின் வெளிக்கதவில் நகலை ஒட்டிவிட்டுப் போக ஐந்தாம் கட்டளை இடம் கொடுக்கிறது. வாங்க மறுத்தால் சார்வு ஆனதாகவே, அதாவது சம்மன் சேர்ந்ததாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே ஒளிகிறார் என்று தோன்றினால் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தும் சார்வு செய்யலாம். அதற்குப் பிறகு எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது அவர் இல்லாமலே தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்க முப்பது நாள். சம்மன் முறையாக வரவில்லை என்று காட்ட முடிந்தால், டிக்ரி தெரிய வந்த நாளிலிருந்து அந்த முப்பது நாளை எண்ணலாம். ஆனால் கதவில் ஒட்டியதை அமீனா எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அதை உடைப்பது எளிதா? சொல்வதற்கு நியாயம் இருந்தவர்கள், ரசீது கையில் வைத்திருந்தவர்கள், பாதிப் பணம் கட்டி முடித்தவர்கள் எல்லாரும் அதைச் சொல்ல இடமில்லாமல் தறியை ஜப்திக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒளிந்தவனுக்குச் சட்டம் கொடுக்கும் தண்டனை அவன் பக்கத்துக் கதையைக் கேட்காமல் விடுவதுதான்.

ஆகவே அப்பா சொன்னதைக் கேட்டவர்கள் கேட்டார்கள். சிலர் இங்கே மச்சானையோ மருமகனையோ எழுதிவைத்தார்கள். உறவு இல்லாதவர்கள் அப்பாவின் பெயரையே எழுதச் சொன்னதுண்டு. அவர் அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. தீபாவளிக்கு ஒரு ஜோடி லுங்கி வரும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் நகரிக்காரர்கள் மலை இறங்கி எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, வந்திருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். அவசரமானதை அவர் அன்றைக்கே பஸ்ஸில் ஆளிடம் கொடுத்து அனுப்பிவிடுவார். வாங்கிய தேதி, யார் கொண்டுவந்தது, யாரிடம் போனது என்று ஒரு நோட்டில் தெலுங்கில் குறித்திருப்பார்.

எழுதிவைக்காமலே ஏஜெண்டாவதும் உண்டு. வெள்ளைக்காரன் 1859இல் கொண்டுவந்த முதல் நடைமுறைச் சட்டத்திலேயே, வெளியூர்க்காரனின் பெயரில் இங்கே வியாபாரம் நடத்துபவனை நீதிமன்றம் ஏஜெண்டாக ஏற்றுக்கொண்டது. இன்றைய சட்டமும் அப்படித்தான்: எல்லைக்கு வெளியே இருப்பவன் மீது வியாபார வழக்கு என்றால், இங்கே கடையைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரிடம் கொடுத்தாலே போதும், அது நல்ல சார்வு. இதைத் தெரியாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன்கள் காகிதத்தை வாங்கிப் பில் கட்டுக்குள் செருகிவிடுகிறார்கள். யார் வாங்கலாம், வாங்கியதும் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவைக்காவிட்டால், அந்தப் பையன்தான் அவருடைய ஏஜெண்ட்.

முன்பு இதையெல்லாம் ஓரளவு தாங்கிப் பிடித்தவர் ஊர்க் கணக்குப் பார்த்த கர்ணம். யார் வீடு எது, யார் ஊரில் இருக்கிறார், யார் திருப்பதிக்குப் போயிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அமீனா முதலில் அவரிடம்தான் வருவார். பரம்பரைக் கர்ணங்களிடம் கொடுமையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. 1984 ஜனவரியில் என்.டி.ஆர். அரசு அந்தப் பக்கமும் ஒழித்தது. ஒழித்தது சரி. ஆனால் ஊரில் ஆளைத் தெரிந்த ஒருவர் என்ற இடம் அதோடு காலியானது. அதை வியாபாரிகள் தாங்களாக நிரப்பிக்கொள்ளவில்லை.

காசோலை வழக்குகள் பெருகியபோது அதன் வலி தெரிந்தது. செக் திரும்பினால், வங்கி தகவல் சொன்ன முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் குற்றம். சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று 1897ஆம் வருஷத்துப் பொது விளக்கச் சட்டம் சொல்கிறது. 2007இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நூல் கடைக்காரருக்குக் கொடுத்த பழைய விலாசத்தைத் தறிக்காரர் மாற்றச் சொல்லியிருக்க மாட்டார். பதினைந்து நாள் பூட்டிய வீட்டு வாசலில் கழிந்துவிடும்.

அமெரிக்காவில் சின்னக் கம்பெனிக்கும் சட்டக் காகிதம் வாங்க இப்படி ஒரு பதிவு பெற்ற ஏஜெண்ட் கட்டாயம். டெலாவேர் மாநிலத்து வில்மிங்டனில் ஒரே கட்டடம் லட்சக்கணக்கான கம்பெனிகளுக்குச் சட்ட விலாசம். நம் நாட்டில் அப்படி இல்லை. கம்பெனி என்றால், வரும் தபாலை வாங்கி ஒப்புகை தரக்கூடிய பதிவு அலுவலகம் ஒன்றைப் பதிவான முப்பது நாளுக்குள் வைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம். வெளிநாட்டுக் கம்பெனியானால், இந்தியாவில் குடியிருந்து நோட்டீஸ் வாங்கும் ஆளின் பெயரையும் விலாசத்தையும் கொடுக்க வேண்டும். தனி ஆள் நடத்தும் கடைக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அதனாலேயே காகிதம் வாங்க அந்தக் கடைக்காரருக்கு யாரும் இல்லை.

இப்போது அமீனாவைவிட வேகமாக வருவது ஜி.எஸ்.டி. நோட்டீஸ். போர்ட்டலில் ஏற்றினாலே அது ஒரு சார்வு முறை என்கிறது அந்தச் சட்டத்தின் 169ஆம் பிரிவு. போர்ட்டலைப் பார்க்கவே இல்லை, உத்தரவு வந்து வங்கிக் கணக்கு முடங்கியபோதுதான் தெரிந்தது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன சின்ன வியாபாரிகள் ஏராளம். வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி மறுவாய்ப்பு கொடுத்த உத்தரவுகளும் நிறைய. பதிவு செய்துகொடுத்தவரின் செல் நம்பரும் ஈமெயிலும்தான் பலருடைய கணக்கில் இருக்கின்றன. ஓ.டி.பி. அவருக்குப் போகிறது, நோட்டீஸும் அவருக்குப் போகிறது. ஆனால் அவரை ஏஜெண்டாக யாரும் எழுதி நியமிக்கவில்லை. வந்ததை எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொள்ளவும் இல்லை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து பவர் பத்திரம் எழுத வந்த ஒரு தறிக்காரரிடம் அண்மையில் இதைத்தான் கேட்டேன். "அண்ணே, போர்ட்டல்ல யாரு நம்பர் இருக்கு?" ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அக்கவுண்ட் பார்த்துக்கொடுத்த பையன் நம்பர், அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான் என்றார். பவர் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, முதலில் அந்த நம்பரை மாற்ற அவருடைய மகளை உட்காரச் சொன்னேன். பிறகு இங்கே யார் காகிதம் வாங்குவது, வாங்கிய அன்றே யாரிடம் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி, சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம்.