புகைபோக்கி மேல ஒரு ஆன்டெனா

வீடியோ கால்ல பிசியோதெரபின்னா எல்லாருக்கும் கொரோனா காலம்தான் ஞாபகம் வரும். தேனிப் பக்கம் இந்தக் கதை அதுக்கு ரொம்ப முன்னாடியே, கண்ணுல இருந்து ஆரம்பிக்குது.

2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சின்னமனூர், போடி மாதிரி ஊர்களில் இருந்த தன் கண் மையங்களை வைஃபையில் இணைத்தது. கூட நின்னது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள். நம்ம ஹால்ல ஓடுற அதே வைஃபைதாங்க! அதை 15 கிலோமீட்டர் வரை இழுத்தாங்க. அனுப்புன ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'வந்துச்சு'ன்னு பதில் வரணும். தூரம் கூடுனா பதில் லேட்டாகும், ரௌட்டர் மறுபடி மறுபடி அனுப்பும். அதனால ரெண்டு முனையும் முறைவெச்சுப் பேசுற மாதிரி புரோட்டோகாலையே மாத்தி, 2007-ல் கட்டுரையா வெளியிட்டாங்க. ஒரு ஆன்டெனா, டெக்ஸ்டைல் மில் புகைபோக்கி மேல!

இப்போ மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். நோய் எதிர்ப்பு சக்தியே நரம்போட உறையை அரிக்கிற நோய். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் இதுவும் இருக்கு. உடம்பு சூடேறினா பலருக்கு அறிகுறிகள் கூடும். சோர்வு ஆளையே சாய்க்கும். கம்பத்துல இருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல பஸ்ல போய்ப் பயிற்சி செஞ்சா, திரும்பி வரத் தெம்பு இருக்குமா? வீட்டுலயே செய்யறதுதான் நியாயம்.

ஆனா கண்ணைப் படம் எடுத்து அனுப்பிடலாம். ஒத்தைக் கால்ல நிக்கிற பயிற்சிய அப்படி அனுப்ப முடியாது, விழுந்தா பிடிக்க ஆள் வேணும். கண் மையத்துல நோயாளி பக்கத்துல பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் இருந்தாங்க. வீட்டுல அந்த வேலை அம்மாவுக்கோ கணவருக்கோ போகுது. அவங்களுக்கு யாரு பயிற்சி குடுக்குறா?