ஆழ்வாரின் நந்தவனமும் செண்பக மரமும்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு என்றோர் இடம் உண்டு. சாம்பல்நிற மலை அணில்களுக்காக 1988-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அப்பகுதியில்தான் உள்ளது; 2021-இல் அது புலிகள் காப்பகத்தின் பகுதியும் ஆயிற்று. அங்கிருந்து கிழக்கே திரும்பிச் சிவகாசி வந்து சேர்ந்தால், மலையின் குளிர்ச்சி முற்றும் மறைந்து கரிசலும் வெயிலுமே எஞ்சும்.

சிவகாசிப் பக்கத்து அன்பர்கள் சிலர், வீட்டுத் தோட்டத்தில் செண்பகம் வைக்கலாமா என்று நம்மிடம் கேட்பதுண்டு. ஆழ்வார் பாடிய மரம், நம் மண்ணின் மரம், தயங்காமல் வையுங்கள் என்றே விடை கூறி வந்தோம். அவ்விடை பாதி பிழையானது. நாமே கரிசலில் நட்ட இரு கன்றுகள் இரண்டாம் கோடையைத் தாண்டவில்லை. அதன் பின்னரே, இலக்கியம் இம்மரத்தை எங்கே வைத்துப் பேசுகிறது என்று மீண்டும் பார்க்கத் தோன்றிற்று.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களுள் சண்பகமும் ஒன்று. தலைவியும் தோழியும் மலைச்சாரலில் பறித்துக் குவித்த பூக்கள் அவை. மழை மிகுந்த மலைக்காடே செண்பகத்தின் பிறப்பிடம் என்னும் தாவரவியலார் கூற்றோடு இது பொருந்துகிறது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு மிக்கேலியா சம்பகா என்று பெயரிட்டார். முற்பாதி, இத்தாலியத் தாவரவியலார் மிக்கேலியின் நினைவாக அமைந்தது. பிற்பாதி, நம் நாட்டுச் சொல். இன்று அதனை மக்னோலியா பேரினத்திலேயே சேர்த்து மக்னோலியா சம்பகா என்கின்றனர். மேலைநாட்டார் தோட்டங்களில் போற்றி வளர்க்கும் மக்னோலியாவுக்கு நம் செண்பகம் நெருங்கிய உறவு.

மலையில் பிறந்த இம்மரம் வில்லிபுத்தூரில் இறைவனுக்குச் சூட்டும் பூவாக ஆனது எவ்வாறு? பெரியாழ்வார் வடபத்ரசாயிக்கு நந்தவனம் அமைத்து மாலை கட்டித் தொண்டு செய்தவர். கண்ணனைப் பூச்சூட வருமாறு அழைக்கும் அவருடைய பூச்சூட்டல் பதிகத்தில், முதற்பாசுரத்தின் பூ செண்பகமே. மல்லிகையும் பாதிரியும் அதற்குப் பின்னரே வருகின்றன. தோட்டத் தொண்டில் வாழ்ந்த ஒருவரின் வரிசை இது என்பதால் நமக்கு இது முக்கியமாகப் படுகிறது. நந்தவனம் என்பது தானாக முளைத்த காடன்று. கிணறு வெட்டி, நீர் இறைத்து, நாள்தோறும் பாத்தி பார்த்த உழைப்பு. ஆழ்வார் பாடியதை நினைவில் வைத்த நாம், ஆழ்வார் நீர் இறைத்ததை மறந்துவிட்டோம்.

அகராதிகள் செண்பகத்தை வண்டுணாமலர் மரம் என்றும் குறிக்கும். தேன் தேடும் வண்டு இதனை நாடாது என்பது பழைய கவிமரபு. மக்னோலியாக் குடும்பத்து மலர்கள் பெரும்பாலும் தேன் சுரப்பதில்லை. மகரந்தத்தைத் தின்ன வரும் கடின ஓட்டு வண்டுகளே அவற்றின் மகரந்தச் சேர்க்கைக்குத் துணை. புலவர் வண்டு என்றது தேனீயினத்தை. ஆகவே மரபும் அறிவியலும் இங்கே முரண்படவில்லை.

இனி, நம் நிலத்தைப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அத்தொழிலுக்கும் பின்வந்த பட்டாசுக்கும் கைகொடுத்தது இந்த வறட்சியே. மருந்து உலர உதவும் அதே காற்று செண்பகத்தின் இலையைக் கருக்கும்.

ஆயினும் வளர்க்கவே இயலாது என்பதில்லை. செம்மண் நிலமாயின் நன்று. கரிசல், மழையில் நீரைத் தேக்கி வேரை அழுக்கும். கோடையில் வெடித்து வேரை அறுக்கும். அங்கே செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்து மேடிட்டு நடவேண்டும். உவர்நீர் ஆகாது. ஐப்பசி மழைத் தொடக்கத்தில் நட்டு, முதல் மூன்று கோடைகளில் தென்னங்கீற்றால் நிழல் தந்து, அடியில் சருகு மூடி, ஈரம் காக்கவேண்டும்.

விதைக் கன்று பூக்கப் பல ஆண்டுகள் செல்லும். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூக்கும். விதையிட விரும்புவோர் செந்நிறச் சதையைக் கழுவி நீக்கி உடனே விதைக்கவேண்டும். உலரவிட்டால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். வெண்செண்பகம் ஒரு கலப்பினம். பொதுவாக விதை பிடிப்பதில்லை என்பதால் ஒட்டாகவோ பதியனாகவோதான் கிடைக்கும். இரண்டுமே பெருமரமாகக் கூடியவை. சுவரை ஒட்டி வைக்கலாகாது.

இப்போதெல்லாம் கேட்பவர்களிடம் நாம் முதலில் வினவுவது, கிணற்றில் சித்திரையிலும் நன்னீர் இருக்குமா என்பதைத்தான். இருக்கும் என்போர் தயங்காமல் செண்பகம் வைக்கலாம். இல்லை என்போர்க்குப் புன்னையைச் சொல்கிறோம். ஆழ்வாரின் அதே பதிகத்தில் அதற்கும் ஒரு பாசுரம் உண்டு.