கொல்லன் உலையில் முதல் பாடம்



நம் மாணவன் ஒருவன், "ஐயா, கொல்லு வேலையைப் பொழுதுபோக்காகக் கற்க ஆசை. எதில் தொடங்குவது?" என்று கேட்டான். சம்மட்டியைப் பற்றிச் சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பான். கண்ணில் தொடங்கு என்றோம்.

கொல்லர் தம் பட்டறையை அரை இருட்டாக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தில் பழுத்த இரும்பின் நிறம் சரியாகத் தெரியாது. மங்கிய சிவப்பில் தட்டினால் இரும்பு இளகாது. ஆரஞ்சு நிறத்தில் சொன்னபடி வளையும். வெண்மையாகிப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது. வெப்பமானி இல்லாத அந்நாளில் நம் முன்னோர் எஃகு செய்ததும் இந்தக் கண்ணை நம்பித்தான்.

மெல்லிரும்பை எஃகாக்குவது அதில் சேரும் சிறிதளவு கரி. நூற்றில் ஒரு பங்கு சேர்ந்தாலே கூர் நிற்கும். ஈரோட்டுப் பக்கம், நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. பிற்காலத்தில் சேலம் பகுதியில் எஃகு செய்த முறையை, அங்கே கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1839-இல் அச்சான கட்டுரையில் விளக்குகிறார். இரும்புத் துண்டுகளைக் காய்ந்த ஆவாரஞ் சுள்ளியோடு களிமண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்துத் துருத்தி ஊதுவார்களாம். சுள்ளி கரியாகி இரும்போடு கலந்துவிடும். ஆவாரையும் எருக்கும்! ஊரில் வேலியோரம் கிடக்கும் செடிகள்தாமே.

அந்த எஃகை ஐரோப்பியர் 'உட்ஸ்' என்றனர். லண்டனில் கொல்லர் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, மின்சார ஆராய்ச்சியில் பெயர் பெறுமுன், 1819-இல் இதை ஆராய்ந்தார். கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அவருக்குத் துணை. அங்கே ஆராய்ச்சி நடக்க, இங்கே உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கப்பலில் மலிவான இரும்பு வந்தது. கரிக்கு விறகு அரிதாயிற்று. தந்தை கை பார்த்து மகன் கற்ற வித்தை, மகன் வேறு வேலைக்குப் போனதும் நின்றது. ஹீத் போன்றோர் எழுதியிராவிட்டால் இவ்வளவுகூட நமக்குத் தெரிந்திராது.

அந்த மாணவனுக்கு வருவோம். முதலில் மெல்லிய கம்பியில் ஒரு கொக்கி செய்யட்டும். உலை திறந்த வெளியில், கூரையின் கீழ் இருக்கட்டும். துத்தநாகம் பூசிய குழாயை மட்டும் நெருப்பில் இடவே கூடாது. அதன் புகை நஞ்சு. கை பழகியபின் பழைய லாரியின் வில்பட்டையில் கத்தி செய்யலாம். அது நல்ல எஃகு. பழுத்த கத்தியில் காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் எண்ணெயில் தோய்த்தால் கெட்டிப்படும். ஆனால் கண்ணாடிபோல் உடையும். எனவே மீண்டும் மெல்லச் சூடாக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும், பிறகு பழுப்பு, அதன்பின் ஊதா, நீலம். கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்துவது வழக்கம்.

நாம் முதன்முதலில் செய்தபோது யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினோம். பார்த்தால் நீலம். கூர் நிற்காத அந்தக் கத்தி இன்றும் நம் வீட்டில் தேங்காய் நார் உரிக்கத்தான் உதவுகிறது.